அண்ணி தேடிய லித்தியம்

அண்ணி எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்து முடித்ததும், அவர் கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் வைத்தார். பத்து மாத்திரைகளில் நான்கு தீர்ந்திருந்தன. அப்போது அவர் எனக்கு அண்ணி ஆகியிருக்கவில்லை. அண்ணன் கூட்டிக்கொண்டு வந்திருந்த பெண், அவ்வளவுதான். பெயர் என்ன, ஊர் என்ன, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பதற்காக அம்மா வாயைத் திறப்பதற்குள் அவர் பேசிவிட்டார்.

“இது லித்தியம். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, எட்டு வருஷமா சாப்பிடறேன். நிறுத்தினா மனசு ஒரு நெலயில நிக்காது. ஒரு தடவ ஆஸ்பத்திரியில இருந்துட்டு வந்திருக்கேன். உங்க புள்ளைக்கு எல்லாம் தெரியும். உங்களுக்கும் தெரியணும்னுதான் வந்தேன்.”

அம்மா அட்டையை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. இளவயதில் பிறர் வயலில் நாற்று நட்டவள். மகள் என்னையும் அண்ணனையும் பள்ளிக்கூடம் அனுப்பியதில் அவளுக்குப் பெருமை உண்டு, ஆனால் எழுத்துக்களோடு பழக்கம் கிடையாது. மாத்திரையைத் திருப்பிக் கொடுத்தபடி, “இது இன்னா மருந்து?” என்று மட்டும் கேட்டாள். ஒரு வகை உப்பு என்று அவர் சொன்னார். அம்மா அடுத்ததாகப் பிள்ளை பெற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். டாக்டரைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும், முடியாமலும் போகலாம் என்று பதில் வந்தது. அம்மா எழுந்து போய் டீ போட்டாள். நான்கு டம்ளர் நிறைய ஊற்றிக் கொண்டுவந்து வைத்த பிறகு அண்ணனைப் பார்த்து, “மறைக்காத வந்து சொல்லிச்சு இல்ல, அது போதும்” என்றாள். திருப்போரூரில் பதிவுத் திருமணம் நடந்தது.

அண்ணன் படூரில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். காலையில் செங்கல்பட்டிலிருந்து ஆசிரியர்களை ஏற்றிக்கொண்டு திருப்போரூர், கேளம்பாக்கம் வழியாகப் போவது அவன் வேலை. அண்ணி அந்தக் கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர். டிரைவர் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் முதல் இருக்கையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவாராம். வண்டி எந்த வேகத்தடையில் எவ்வளவு குலுங்கினால் அவருடைய சிவப்புப் பேனா கோணலாகப் போகும் என்பது அண்ணனுக்கு அத்துப்படி. அந்த இடங்களில் மெதுவாகப் போவான். இருவரும் பேசத் தொடங்கியது அதிலிருந்துதான் என்று சொல்லியிருக்கிறான்.

கல்லூரிக்கு வருவதற்கு முன் அண்ணி சென்னையில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தார். பிரபஞ்சம் தோன்றிய முதல் சில நிமிடங்களில் எந்தெந்தத் தனிமங்கள் எவ்வளவு உருவாயின என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு. இரண்டாம் ஆண்டில் உடம்பு சரியில்லாமல் போயிற்று. நாள்கணக்கில் தூக்கமில்லை. ஒரே மூச்சில் இருநூறு பக்கம் எழுதினார், அத்தனையும் சரி என்று நம்பினார். பிறகு எல்லாம் வடிந்து, எழுந்து பல் துலக்கக்கூட முடியாமல் ஐந்து மாதம் படுத்துக் கிடந்தார். மனம் சில காலம் அளவு மீறி ஏறுவதும் சில காலம் அடிமட்டத்துக்கு இறங்குவதுமான நோய் அது. அந்தத் தனிமங்களில் ஒன்றான லித்தியத்தின் பெயரை டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டில் பார்த்ததும், தன் ஆராய்ச்சித் தாளைத்தான் யாரோ கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தாராம். ஆராய்ச்சியை விட்டார். மாத்திரையை விடவில்லை.

நான் அப்போது நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. உள்ளே வரும் தண்ணீரிலும் வெளியே போகும் தண்ணீரிலும் உப்பு எவ்வளவு என்று மணிக்கொரு தரம் பார்த்துக் குறிக்க வேண்டும். அண்ணிக்கு என் வேலை பிடித்திருந்தது. என்னிடம் எண்களைக் கேட்பார். எங்கள் குடும்பத்தில் வேறு யாரும் அதைக் கேட்டதில்லை.

கல்யாணமாகி இரண்டு மாதம் கழித்து நால்வரும் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போயிருந்தோம். சுண்டல் விற்பவரிடம் அண்ணி இன்னும் கொஞ்சம் உப்புப் போடச் சொன்னார். ஏற்கெனவே கரிப்பாகத்தானே இருக்கிறது என்று நான் சொன்னதற்கு, தனக்கு உப்பு குறையக் கூடாது என்றார். லித்தியமும் சமையல் உப்பிலிருக்கும் சோடியமும் அண்ணன் தம்பி மாதிரி, சிறுநீரகத்துக்கு இரண்டையும் சரியாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாது, உணவில் உப்பு குறைந்தால் அது பயந்துபோய் லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று விளக்கினார். நான் வேலையில் தினமும் பார்க்கும் விஷயம் என்பதால் எனக்கு அது மனதில் தங்கிவிட்டது. அண்ணனும் அம்மாவும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டாள். “மெட்ராஸ்ல இன்னாமோ படிச்சிக்கினு இருந்தியாமே, இன்னா அது?”

அண்ணி சுண்டல் காகிதத்தை மணலில் விரித்தார். பதினான்கு பட்டாணிகளைப் பொறுக்கி வைத்தார். பக்கத்தில் இரண்டு மாங்காய்த் துண்டுகள். உலகம் தோன்றியபோது மண்ணும் இல்லை, கல்லும் இல்லை, இரும்பும் இல்லை. தாங்க முடியாத சூடும் வெளிச்சமும், அதற்குள் அலைந்துகொண்டிருந்த இந்த இரண்டு வகைத் துகள்களும்தான். பட்டாணி புரோட்டான். மாங்காய் நியூட்ரான். புரோட்டான் தனியாக எவ்வளவு காலம் வேண்டுமானாலும் இருக்கும். நியூட்ரான் தனியாக இருந்தால் கால்மணி நேரம்கூடத் தாக்குப்பிடிப்பது கஷ்டம், புரோட்டானோடு ஒட்டிக்கொண்டால் பிழைத்துவிடும். ஆனால் ஒட்டிய மறுகணமே அந்தச் சூட்டின் வெளிச்சம் பிய்த்துப் போட்டுவிடும். எனவே சூடு தணியும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஏறக்குறைய மூன்று நிமிடம். அதற்குள் நியூட்ரான்கள் பல அழிந்து, ஏழு புரோட்டானுக்கு ஒரு நியூட்ரான் என்ற கணக்கில் மிஞ்சின.

“இப்ப சூடு தணிஞ்சிடுச்சி” என்று சொல்லி, இரண்டு மாங்காய்த் துண்டுகளையும் இரண்டு பட்டாணிகளையும் ஒன்றாகச் சேர்த்து வைத்தார். அது ஹீலியம். மிச்சம் கிடந்த பன்னிரண்டு பட்டாணியும் ஒவ்வொன்றும் ஒரு ஹைட்ரஜன். பதினாறில் நான்கு பங்கு ஹீலியம். எடையில் கால்வாசி. வானத்தில் எந்தப் பழைய நட்சத்திரக் கூட்டத்தை அளந்தாலும் ஏறத்தாழ இந்தக் கால்வாசி வருகிறது, அதனால்தான் இந்தக் கதையை நம்புகிறோம் என்றார். இருபது நிமிடத்துக்குள் எல்லாம் விரிந்து ஆறிப்போய், சேர்க்கை நின்றுவிட்டது. நாம் மூச்சுவிடும் ஆக்சிஜனும் ரத்தத்திலிருக்கும் இரும்பும் வெகுகாலம் கழித்து நட்சத்திரங்களுக்குள் உண்டானவை.

“இதுல உன் மாத்திர எது?” என்று அம்மா கேட்டாள்.

“கண்ணுக்குத் தெரியாது அத்த. ஆயிரம் கோடி பட்டாணிக்கு அஞ்சு.”

அம்மா ஹீலியத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அண்ணி சிரித்தார். தன் மாத்திரையில் இருக்கும் லித்தியம் முழுவதும் அப்போது வந்ததல்ல, பாதிக்கு மேல் பிற்பாடு நட்சத்திர வெடிப்புகளில் வந்தது என்று பிறகு என்னிடம் திருத்திச் சொன்னார். விஷயத்தை அழகாக்குவதற்காகக்கூட ஒரு பொய் சொல்ல மாட்டார். ஆனால் நான் ஆலையில் சோதிக்கும் தண்ணீரிலுள்ள ஹைட்ரஜன் மட்டும் அத்தனையும் அந்தப் பன்னிரண்டு பட்டாணி வகையறாதான் என்றார். மறுநாள் வேலைக்குப் போய் வழக்கம்போல் குடுவையில் தண்ணீர் பிடித்தேன். அது எப்போதும்போலத்தான் இருந்தது. இருந்தாலும் ஒரு நிமிடம் கையில் வைத்துப் பார்த்தேன்.

இரண்டு வருடம் நன்றாகப் போயிற்று. குழந்தை வேண்டாம் என்று அண்ணனும் அண்ணியும் முடிவு செய்தார்கள். அம்மா இரண்டாம் முறை அதைப் பற்றிக் கேட்கவில்லை. மாத்திரை விஷயத்தில் அவள்தான் இப்போது எல்லோரையும்விடக் கண்டிப்பு. காலை நாஷ்டாவுக்கு முன்பு, “போட்டியா?” என்று கேட்காமல் அண்ணியை வெளியே விடமாட்டாள்.

அந்த மூன்றாவது சித்திரையில் அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறியது. உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். ஒரே அடுப்பு, ஒரே குழம்பு. அம்மா குறைத்தாள் என்பதைவிட நிறுத்தினாள் என்பதுதான் சரி. எங்களுக்கு வாய் செத்துப்போனது, ஆனால் அவளுக்காகத்தானே என்று சாப்பிட்டோம். நான் ஆலை உணவகத்திலும் அண்ணன் வழியிலும் ஒரு வேளையாவது உப்புப் போட்டுச் சாப்பிட்டுவிடுவோம். அண்ணி, அத்தைக்காகக் கொஞ்ச நாள் தாங்கும் என்று நினைத்து, வீட்டிலிருந்தே டப்பா கட்டிக்கொண்டு போவார். கல்லூரித் தேர்வு முடிந்து விடைத்தாள் திருத்தும் வேலை. அனல் அடிக்கும் அறையில் பகலெல்லாம் உட்கார்ந்திருந்தார். மூன்று வாரத்தில் கை நடுங்கத் தொடங்கியது. எழுத்து சிதறியது. வயிற்றுப்போக்கு கண்டது. நடக்கும்போது கால் பின்னியது.

கல்லூரி விடுமுறை என்பதால் அண்ணன் சுற்றுலா வேன் ஓட்ட மைசூர் பக்கம் போயிருந்தான். பக்கத்து வீடுகளில் பேச்சு கிளம்பியது. பழைய நோய் திரும்பிவிட்டது, தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடு என்று ஒரு உறவினர் அம்மாவிடம் நேராகவே சொன்னார். அம்மா அவரைப் பேசாமல் போகச் சொன்னாள். ஆனால் அந்த பயம் அவளுக்குள்ளும் இருந்தது. மருமகள் எங்கோ மாத்திரையை மறந்துவிட்டாள், அதனால்தான் இப்படி என்று அவளாக முடிவுகட்டினாள். யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள், மதியத்துக்கும் ஒரு மாத்திரை கொடுத்தாள். அண்ணி குழப்பத்தில் இருந்தார். கையில் வைத்ததை வாங்கி விழுங்கியிருக்கிறார்.

மூன்றாம் நாள் காலை ஷிப்ட் முடிந்து இரண்டரை மணிக்கு நான் வீட்டுக்கு வந்தேன். அண்ணி கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். கண் திறந்திருந்தது. கை கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. என்னைப் பார்த்ததும் ஏதோ சொல்ல முயன்றார், நாக்கு புரளவில்லை. குனிந்து காதைக் கொடுத்தேன். “உப்பு” என்று கேட்டது. மறுபடியும், “உப்பு.”

அம்மா உடனே மோர் கொண்டுவந்தாள், அதிலும் உப்பில்லை. அவள் டம்ளரை நீட்டிக்கொண்டு நின்ற அந்த நேரத்தில்தான் எனக்குக் கடற்கரையில் கேட்டது முழுதும் ஞாபகம் வந்தது. தினமும் மணிக்கொரு தரம் உப்பை அளப்பவள், என் வீட்டில் மூன்று வாரமாக ஒருத்தி உடம்பில் உப்பு இல்லாமல் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று உறைத்தது. பக்கத்து வீட்டு ஆட்டோவைப் பிடித்தோம். திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டு. அண்ணியின் தலை என் மடியில் இருந்தது. அம்மா எதிர்க் கம்பியில் சாய்ந்து உட்கார்ந்து மருந்து அட்டையைக் கையில் இறுக்கி வைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் இளம் பெண். இவர் லித்தியம் சாப்பிடுகிறார், மூன்று வாரமாக உப்பில்லாத சாப்பாடு, வயிற்றுப்போக்கும் இருக்கிறது என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் அதற்கு மேல் கேள்வி கேட்கவில்லை. ரத்தம் எடுத்தார்கள். முடிவு வருவதற்குக் காத்திராமல் சலைன் ஏற்றத் தொடங்கினார்கள். சலைன் என்பது வேறொன்றுமில்லை, அளவாகக் கலந்த உப்புத் தண்ணீர். மாலையில் முடிவு வந்தது. இருக்க வேண்டிய அளவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. அட்டையில் மாத்திரைகளை எண்ணிப் பார்த்த டாக்டர், கணக்கில் இரண்டு அதிகமாகப் போயிருக்கிறதே, யார் கொடுத்தது என்று கேட்டார்.

“நாந்தான் குடுத்தேன்” என்றாள் அம்மா. “மறந்துடுச்சின்னு நெனச்சிக்கினு குடுத்துட்டேன்.”

டாக்டர் அவளைத் திட்டவில்லை. உப்பு குறைந்ததுதான் முதல் காரணம், இது அதற்கு மேல் சேர்ந்தது என்றார். அம்மாவுக்கு அந்த வித்தியாசம் எந்த ஆறுதலையும் தரவில்லை. மூன்று நாளும் கட்டில் காலடியில் உட்கார்ந்திருந்தாள். மைசூரிலிருந்து திரும்பிய அண்ணனிடம் தானே முதலில் சொன்னாள். அவன் வெளியே போய், அரைமணி கழித்து அவளுக்கு இட்லி வாங்கிக்கொண்டு வந்தான்.

நான்காம் நாள் காலை அண்ணிக்குப் பேச்சுத் தெளிந்தது. தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, ரத்தப் பரிசோதனைத் தாளைக் கேட்டு வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, “ஊர் உலகமெல்லாம் லித்தியம் கொறையுதுன்னு தேடிட்டிருக்காங்க. எங்கிட்டதான் இருந்திருக்கு” என்றார்.

எனக்கே புரியவில்லை. அம்மா என்ன குறைகிறது என்று கேட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து அண்ணி அதை விளக்கினார். ஆயிரம் கோடிக்கு ஐந்து என்று தான் சொன்னது கணக்குப் போட்டால் வருகிற எண். ஹீலியத்துக்குப் போட்ட கணக்கு சரியாக வருகிறது. கனமான ஹைட்ரஜனுக்கும் வருகிறது. லித்தியத்துக்கு மட்டும் வருவதில்லை. மிகப் பழைய நட்சத்திரங்களில் அளந்து பார்த்தால் ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றரைதான் இருக்கிறது.

“மீதி எங்க போச்சி?”

“தெரியல அத்த. யாருக்குமே தெரியல.”

“நீ அதத்தான் தேடிக்கினு இருந்தியா?”

அண்ணி தலையாட்டினார்.

“ஒடம்பு சரியில்லன்னு வுட்டுட்ட. இப்ப ஒடம்பு எங்களுக்குத் தெரிஞ்ச ஒடம்பு. நான் பாத்துக்கறேன். போய்த் தேடு.”

அம்மா இதை உருக்கமாகச் சொல்லவில்லை. ரேஷன் கடைக்குப் போய்வா என்பது மாதிரிதான் சொன்னாள். அண்ணி தாளை மடித்து வைத்தார். அடுத்த ஆண்டு பகுதிநேர ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தார்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் குழம்பு இரண்டு பாத்திரமாயிற்று. அண்ணியின் பாத்திரத்துக்கு அம்மா அளந்து உப்புப் போடுவாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்குப் போகும் நாளை அவள் மறந்ததில்லை. ஆராய்ச்சி முடிய ஆறு வருடம் ஆயிற்று. நடுவில் ஒருமுறை அண்ணி அடிமட்டத்துக்கு இறங்கி நான்கு மாதம் எதையும் தொடவில்லை. கல்லூரியில் பாதிச் சம்பளத்தில் விடுப்புப் போட்டார். இனி முடியாது என்று ஆராய்ச்சி வழிகாட்டிக்குக் கடிதம் எழுதி என்னிடம் தபாலில் சேர்க்கக் கொடுத்தார். நான் சேர்க்கவில்லை. கேட்டால் கொடுத்துவிடலாம் என்று பையில் வைத்திருந்தேன். அவர் கேட்கவேயில்லை.

ஆய்வேட்டின் சாரத்தை எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். அந்த முதல் நிமிடங்களில் லித்தியம் பெரும்பாலும் நேராக உருவாகவில்லை. பெரிலியமாக உருவாகி, பிறகுதான் லித்தியமாக மாறியது. அந்தப் பெரிலியம் மாறுவதற்கு முன்பே வேறு ஏதோ ஓர் அணுக்கரு வினையில் அழிந்திருந்தால் கணக்கு சரியாகிவிடும். அப்படிச் சந்தேகிக்கப்பட்ட வினைகளில் ஒன்றை அண்ணி எடுத்துக்கொண்டார். பிற நாடுகளில் எடுத்த அளவுகளை வைத்துத் திரும்பத் திரும்பக் கணக்கிட்டார். அந்த வினையால் அவ்வளவு பெரிலியத்தை அழிக்க முடியாது என்று முடிவு வந்தது.

வாய்மொழித் தேர்வு பொதுவில் நடக்கும், யார் வேண்டுமானாலும் வரலாம். அண்ணன், அம்மா, நான் மூவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். முன்னால் பேராசிரியர்கள். முக்கால் மணி நேரம் அண்ணி பேசினார். வலது கையின் மெல்லிய நடுக்கம் திரையில் அவர் காட்டிய ஒளிப்புள்ளியில் தெரிந்தது. அதை அவர் மறைக்கவில்லை. தேர்வாளர்கள் கேட்டு முடித்ததும் அவையில் வேறு யாருக்காவது கேள்வி உண்டா என்று கேட்டார்கள். அம்மா எழுந்து நின்றாள். நான் சேலையைப் பிடித்து இழுத்தேன், அவள் உட்காரவில்லை.

“மீதி கெடச்சுதா?”

முன்வரிசையில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி தேர்வாளர்களுக்குப் பதில் சொன்ன அதே குரலில் சொன்னார்.

“கெடைக்கல அத்த. எங்க போகலன்னு மட்டும் கண்டுபிடிச்சிருக்கேன்.”

அம்மா “செரி” என்று உட்கார்ந்தாள். தேர்வாளர்களில் மூத்தவர், இந்த ஆய்வேட்டுக்கு இதைவிடச் சரியான சுருக்கம் கிடையாது என்று எழுந்து நின்று சொன்னார்.

சென்ற ஆண்டு அண்ணிக்கு லித்தியம் நிறுத்தப்பட்டது. இத்தனை ஆண்டுச் சிகிச்சையில் சிறுநீரகம் தளர்ந்துவிட்டது, அந்தச் சித்திரை மாதத்துக்கும் அதில் பங்கிருக்கலாம் என்றார்கள். வேறு மருந்து கொடுத்திருக்கிறார்கள். உடம்பு கொஞ்சம் பருத்திருக்கிறது, முன்பைவிட அதிகம் தூங்குகிறார், வகுப்புக்குத் தவறாமல் போகிறார். அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. ஒரே பாத்திரமாகச் சமைத்துக்கொள்ளலாம் என்று நாங்கள் சொன்னாலும் அவள் கேட்பதில்லை. லித்தியத்தின் கணக்கு இன்னும் சரியாகவில்லை. பழைய நட்சத்திரங்களே அதை உள்ளுக்குள் இழுத்து அழித்துவிட்டிருக்கலாம் என்று இப்போது பலர் சொல்வதாகவும், தனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, ஆனால் தோன்றுவது போதாது என்றும் அண்ணி சொன்னார்.

போன மாதம் சிறுநீரகப் பரிசோதனைக்காக அவரோடு செங்கல்பட்டுக்குப் போயிருந்தேன். பல வருடமாக எங்களைத் தெரிந்த பரிசோதனைக்கூடத்துப் பெண் சீட்டைப் பார்த்துவிட்டு, லித்தியம் எழுதவில்லையே மேடம் என்றாள். நிறுத்தியாகிவிட்டது என்று சொன்ன அண்ணி, பரவாயில்லை, அதையும் பாரு, காசு கட்டிவிடுகிறேன் என்றார். மதியம் முடிவு வாங்கப் போனோம். மற்ற எண்களெல்லாம் எதிர்பார்த்தபடியே இருந்தன. லித்தியத்துக்கு நேராக எண் இல்லை.

“ஒண்ணுமே இல்ல மேடம்” என்றாள் அந்தப் பெண்.

“இல்லாம இருக்காது. குடிக்கிற தண்ணியிலயே துளி இருக்கும்” என்றார் அண்ணி. “உங்க மெஷினால அளக்க முடியல, அவ்ளோதான்.”

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். வெயில் ஏறியிருந்தது. திருப்போரூர் பஸ் வருவதற்கு நேரம் இருந்ததால் இருவரும் நிழல் பார்த்து நின்றோம்.